அப்ரூவலுக்கு ஒன்று, சைட்டுக்கு ஒன்று

ஓய்வு பெற்ற நகரமைப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவரை எதற்காவது பயன்படுத்தத் தோன்றும். என் மருமகளுக்கும் தோன்றியது. கொட்டேஷன்களை ஒப்பிட்டுச் சொல்லும்படி அழைத்தாள்.

வத்தலக்குண்டு சாலையில் ஒரு டயர்க் கடைக்கு மேலே அவளுடைய கட்டடக்கலை அலுவலகம். அவளும் இரண்டு வரைவாளர்களும். அதுவரை வீடுகளாகவே வந்துகொண்டிருந்த இடத்துக்கு, நெய்க்காரப்பட்டிக்கார டாக்டர் ஒருவர் கிளினிக் கட்ட வந்தார். கோயமுத்தூரில் யாரோ கட்டடத்தைக் கம்ப்யூட்டரிலேயே எழுப்பி, உள்ளே நடந்து காட்டினார்களாம். அவருக்கும் அப்படி நடக்க வேண்டும். இந்த வேலை கைநழுவினால் வரைவாளர் ஒருவரை நிறுத்தத்தான் வேண்டும் என்று மருமகள் சொன்னாள்.

ஆக, மென்பொருள். சுவர், ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் மாதிரிக்கட்டடத்துக்குள் அடைத்துவைப்பது. பிம் என்கிறார்கள். மூன்று கொட்டேஷன்கள். முதலாவதை விலைக்கு வாங்கவே முடியாது, வருடாவருடம் வாடகை. இரண்டாவது மலிவு. அதற்குள் தயாராக வரைந்து வைத்த பொருள்களில் குளிர்காய அடுப்பு உண்டு, குளியல் தொட்டி உண்டு. சன்ஷேடு இல்லை, முதலாவதைப் போலவே பரணும் இல்லை. திண்டுக்கல் வெயிலில் குளிர்காயப் போகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது இலவசம். கெட்டுப்போனால் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது.

வாடகைக்கு விடும் கம்பெனியின் விற்பனையாளர் கழுத்தில் டையோடு வந்து வியர்த்தார்.

"ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் தானா மாறிடும் சார். அதான் இதோட பியூட்டி."

வரைவாளர்கள் கைதட்டாத குறை. நான் டீயைக் கீழே வைத்தேன்.

"எல்லா இடத்துலயும்னா? அப்ரூவல் ஷீட்லயுமா?"

"கண்டிப்பா சார்!"

அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது. இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு வரைபடங்கள். அப்ரூவலுக்குப் போவதில் நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, காற்றும் வெளிச்சமும் கொட்டும். சைட்டுக்குப் போவதில் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நம் சுவர் நனையும். முதலாவதை மேஜையிலும் இரண்டாவதைத் தெருவிலும் பார்த்தே என் உத்தியோகம் முடிந்தது. இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் ஒரே ஒழுக்கம்.

"இது நம்ம ஊருக்கு ஒத்து வராதும்மா" என்றேன்.

"உங்களுக்கு எதுதான் மாமா ஒத்து வந்துச்சு?" என்றவள், சோதனைக்காகக் கொடுத்த பிரதியை வைத்தே கிளினிக்கை வரைய ஆரம்பித்தாள்.

உள்ளே நடந்து காட்டும் வீடியோ தயாரானதும் டாக்டர் தன் செல்பேசியில் மறுபடி மறுபடி கட்டடத்துக்குள் நுழைந்தார். பிறகு வரைவாளரைக் கூப்பிட்டு, கிழக்கே காலியாக விடவேண்டிய பக்கத்தில் மாடிப்படியை வைக்கச் சொல்லிவிட்டார். அவரும் சைட் வரைபடத்தில் வைத்தார். அப்ரூவல் தாள்களில் கையெழுத்துப் போட டாக்டர் வந்த அன்று, காலி இடத்தில் படிக்கட்டு அளவுகளோடு கம்பீரமாக நின்றது. வாடகையை முடிவு செய்ய விற்பனையாளரும் வந்திருந்தார்.

"ஏனுங்க, இந்தப் படி இதுல எதுக்குங்க? இது ஆபீசுக்குப் போறதில்லீங்களா?" என்றார் டாக்டர்.

"நான் போடல சார். அதுவா வந்து நின்னுக்கிருச்சு" என்றார் சின்னாளபட்டிக்கார வரைவாளர்.

"எடுத்துப்போடுங்க."

எடுத்தார். எல்லா இடத்திலும் போய்விட்டது. சைட் வரைபடத்திலும் இல்லை. திரையில் டாக்டரின் மாடி அந்தரத்தில் இருந்தது.

"அட, மேல எப்படிங்க போறது?"

"ஏணி வச்சுத்தான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

விற்பனையாளர் முன்னால் வந்தார். "இதுக்கும் ஆப்ஷன் இருக்கு சார். படி உள்ளது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. ஒரே ஃபைல்ல ரெண்டையும் வச்சுக்கலாம்."

எங்கோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து மென்பொருள் செய்தவனுக்குப் பரண் தெரியாது. எங்கள் புத்திக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான்.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் டாக்டர்.

மருமகள் கேட்டாள்: "ரெண்டுலயும் யார் கையெழுத்து?"

"உங்களுதுதான் மேடம்."

அவள் வரைவாளரைப் பார்த்தாள். தலையாட்டிவிடுவாள் என்றே நினைத்தேன். எல்லாரும் ஆட்டியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப ஒண்ணே போதும். படி உள்ள வரட்டும் சார்."

"உள்ள வந்தா மத்தியானம் நான் செத்த நேரம் சாய்ற ரூம் போயிருமேங்க!"

"போயிரும்."

"கோயமுத்தூர்ல கேட்டா செஞ்சு குடுத்துருவாங்க அம்மிணி."

"குடுப்பாங்க சார்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். வரைவாளர் வேறு இடம் விசாரிக்கத் தொடங்கினார். நானும் டாக்டர் திரும்பமாட்டார் என்றே அடித்துச் சொன்னேன்.

அந்த வாரமே திரும்பி வந்தார். விதிகளின் மேல் பக்தி பிறந்து அல்ல. வீடியோவைக் கீரனூர் வரை சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் அனுப்பியிருந்தார். கொழுந்தியாள் முகப்பைப் புகழ்ந்துவிட்டாள். இனி வேறொருவர் வரையும் வேறு முகப்பை எப்படிக் காட்டுவது?

"படியை உள்ளயே வெச்சுருங்க. முன்பக்கம் மட்டும் வீடியோவுல இருக்கற மாதிரியே வரோணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் திருப்பி அனுப்பிய கோப்புகளெல்லாம் சேர்ந்து சாதிக்காததை ஒரு கொழுந்தியாள் சாதித்தாள். மென்பொருள் வாடகைக்கு வந்தது. மூன்றுமே வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த ஒப்பீட்டின் மேல் டீ கிளாஸ் வைக்கிறார்கள். வரைவாளர்கள் இருவரும் இருக்கிறார்கள். டாக்டர் மத்தியானத்தில் ஊசி போடும் அறைக் கட்டிலில் கண் அசருகிறார். நோயாளி வந்தால் எழுந்துகொள்கிறார்.