வெல்மோர் வரிசையில் மூத்தவன்

விசாலாக்ஷி எட்மண்டைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவனுக்கு முன்னால் ஐந்து ஆண்கள் இருந்தார்கள். அதை அவன் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். இங்கிலாந்தில் வெல்மோர் என்று ஒரு டியூக் பரம்பரை. அந்தப் பட்டம் ஆண் வாரிசு வழியாக மட்டும்தான் இறங்கும். பட்டத்தில் இருந்த கிழவரின் கடைசித் தம்பி எந்தக் காலத்திலோ அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். அவருடைய பேரன் எட்மண்ட். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு பேரும் ஒரே பஸ்ஸில் போய்ப் பள்ளத்தில் விழுந்தால் நீ டச்சஸ்" என்று சிரிப்பான்.

அவளும் சிரித்தாள். நங்கநல்லூர்ப் பெண். ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மரவீடு, காலையில் ரூட் 18-ல் டிராஃபிக், சனிக்கிழமை இட்லி மாவு. இதில் டச்சஸுக்கு எங்கே இடம்?

பஸ் ஒன்றும் பள்ளத்தில் விழவில்லை. ஆனால் அந்த ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருவர் படகு கவிழ்ந்து போனார். ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் முதுமையில் போனார். ஒவ்வொரு தடவையும் இங்கே காலைச் சாப்பாட்டு நேரத்தில் லண்டனிலிருந்து குடும்ப வக்கீல் கூப்பிடுவார். எட்மண்ட் வயலினை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனால் யாரோ போய்விட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாரோ ஒருவர் தெருமுனையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வீடு தாண்டி, தங்கள் வீட்டை நோக்கி நடந்து வருகிற மாதிரி இருந்தது. அதை அவனிடம் அவள் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எட்மண்டே போய்விட்டான். கணையத்தில் புற்றுநோய். கோடையில் கண்டுபிடித்தார்கள், இலையுதிர்வதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்கக் கூப்பிட்ட வக்கீல் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் அந்த இடத்தில் அவர்களுடைய மகன் க்ரிஷ் நிற்கிறான் என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது இங்கிலாந்திலிருந்து வந்ததில்லை.

க்ரிஷுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். குறைமாசம். மூன்றாம் நாள் போய்விட்டான். அவளே ரத்தப்போக்கு நிற்காமல் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு தடவை கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். அவள் கண்ணில் பட்டது ஒரு நீலக் குல்லாய் மட்டும். சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்குப் பேரு கீரு வெச்சுடாதேடி. பேரு வெச்சா இங்கயே சுத்திண்டிருக்கும். மறந்துடு, அடுத்தது நல்லபடியா வரும்" என்றாள். மற்றதையெல்லாம் எட்மண்ட் பார்த்துக்கொண்டான். அவள் வீட்டுக்கு வந்தபோது தொட்டில் இல்லை. ஒரு நாள் அவன் மெதுவாக, "விசா, அவனுக்கு நான்..." என்று ஆரம்பித்தான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் ஒரு வாரம் இங்கிலாந்து போய்வந்தான். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து க்ரிஷ் பிறந்தான். கோயில் அர்ச்சகர் "ஒரே பிள்ளையா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பாள்.

க்ரிஷ் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்று கேட்டது. அவன் மாடியிலிருந்து இறங்கும்போது இரண்டு பேர் இறங்குகிற சத்தம். க்ரிஷின் கால் ஒரு படியில் பட்டதும் அதற்கு முந்தின படியில் இன்னொரு கால். மரவீடு, அப்படித்தான் முனகும் என்றார் தச்சர். படிகளை மாற்றிக்கூடப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கும்போது கை ஒன்று அதிகமாக எடுத்துவிடும். பார்க்கில் விளையாடுகிற க்ரிஷைக் கூப்பிட வாயைத் திறந்தால், நாக்கு முதலில் வேறெதற்கோ எழும்பி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து, பிறகுதான் "க்ரிஷ்" என்னும். பெயர் வைத்தால் இங்கேயே சுற்றும் என்றாள் அம்மா. அவளுக்கோ கூப்பிடப் பெயர் இல்லாததால் போ என்று சொல்லவும் வழியில்லாமல் இருந்தது.

இந்த ஜனவரியில் மறுபடி போன் வந்தது. டியூக்கின் ஒரே மகன் ஹியூ, தோட்டத்தில் ரோஜாச் செடி நறுக்கிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. தொண்ணூறு தாண்டிய டியூக்குக்கு அடுத்து இப்போது க்ரிஷ்தான்.

சன்னிவேலில் இருக்கும் தம்பி ஜெயபிரகாஷுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, பதினாறு வயசுல நம்ம பையன் டியூக்கா? லிங்க்ட்-இன்ல போட்டுடலாமா?"

"சும்மா இரு ஜேபி. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? வேணாம்னா டிக்ளைன் பண்ணிட்டுப் போறான்."

அவளால் அவனுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. நடந்து வந்துகொண்டிருந்தது இப்போது வாசலுக்கே வந்துவிட்டது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிஜமாகவே ஒருவர் வாசலுக்கு வந்தார். ஹியூவின் மனைவி மார்கரெட். அறுபது வயதிருக்கும், உயரமாக, சாம்பல் நிறக் கோட்டில். வக்கீலை அனுப்பாமல் தானே வருவதாகச் சொல்லியிருந்தார். க்ரிஷ் ஓட்டப் பயிற்சிக்குப் போயிருந்தான். விசாலாக்ஷி காபி போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த எட்மண்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "நான் கோபத்தோடுதான் கிளம்பினேன். எனக்கு மூன்று பெண்கள். மூவரும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள். அங்கே இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் மூத்தவளுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்றும் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு பையனுக்கு எல்லாமா? அவன் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது."

"நாங்க கேக்கலையே" என்றாள் விசாலாக்ஷி.

"தெரியும். யாரும் கேட்பதில்லை." டம்ளரைக் கீழே வைத்தார். "மாமனாருக்கு உடம்பு சரியில்லை. அவர் இருக்கும்போதே எல்லாவற்றையும் சரிபார்த்து வைக்க வேண்டும் என்கிறார் வக்கீல். கல்யாணச் சான்றிதழ், க்ரிஷின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் எட்மண்ட் கொடுத்திருக்கிறார். ஒன்றுதான் பாக்கி. உங்கள் மூத்த மகனுடைய இறப்புச் சான்றிதழ்."

சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எந்த மூத்த மகன்?" என்று அவள் வாயிலிருந்து வந்தது.

மார்கரெட் தணிந்த குரலில், "வரிசையில் அவன்தான் முன்னால் நிற்கிறான், விசாலாக்ஷி. அவன் இல்லை என்று நிரூபிக்கும்வரை சட்டத்தின் கண்ணில் வெல்மோரின் அடுத்த வாரிசு அவன்தான். க்ரிஷ் இல்லை" என்றார்.

"மூணு நாள் இருந்த குழந்தை."

"மூன்று நாளானாலும் உயிரோடு பிறந்தவன். என் பெண்கள் முப்பது வருஷமாக இருக்கிறார்கள், அவர்கள் வரிசையில் இல்லை. அவன் இருக்கிறான்." குரல் ஒரு கணம் கசந்தது. உடனே தன்னையே கடிந்துகொண்ட மாதிரி தலையை அசைத்தார். "மன்னியுங்கள். அன்றைக்கு நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. எட்மண்ட் அந்தச் சின்னப் பேழையைக் கோட்டுக்குள் வைத்திருந்தார். ஹியூ கை நீட்டினார். எட்மண்ட் கொடுக்கவில்லை. எங்கள் சேப்பலில், குடும்பத்துச் சின்னத் தேவாலயத்தில், வைத்துவிட்டு, கல்லில் பெயர் வெட்டி முடிகிறவரை கூடவே நின்றார். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது அவன் பெயரையும் வாசிக்கிறோம். எட்மண்ட் சொல்லவில்லையா?"

சொல்ல வந்தான். அவள்தான் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்ந்த கட்டடத்தில், யாரோ அவள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அவன் பேர் என்ன?"

"யாருடைய பெயர்?"

"அவன் பேர். எனக்குத் தெரியாது."

மார்கரெட்டின் முகம் மாறிப்போனது. அவர் சொன்ன விதத்தில் சஃபாரி மாதிரி ஏதோ காதில் விழுந்தது. புரியவில்லை என்று தெரிந்ததும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். எஸ், ஏ, பி, ஏ, ஆர், ஐ.

சபரி.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள், பையனாக இருந்தால் சபரி என்று. ரேடியோவில் ஏதோ கச்சேரி. எட்மண்ட் விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மார்கரெட் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை இருந்தார். க்ரிஷ் வந்ததும் அவனிடம் கைகுலுக்கி, அவன் ஓட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

க்ரிஷ் ஃபிரிட்ஜைத் திறந்து பாலை டப்பாவோடு குடித்தான்.

"க்ரிஷ், இங்க வா. உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்டா."

அவன் டப்பாவை இறக்கினான். "சபரி" என்றான். "ஐ நோ, மா."

"அப்பா சொன்னாரா?"

"ஐ வாஸ் லைக் செவன். கார்ல போறப்ப வீ யூஸ்ட் டு டாக் அபௌட் ஹிம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அப்பா செட் யூ ஹாவ் டு ஆஸ்க் ஃபர்ஸ்ட்."

இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காததை அவள் கேட்டாள். "மாடியில நீ இறங்கறச்சே இன்னொரு சத்தம்... உனக்குக் கேக்குமா?"

க்ரிஷ் மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐ தாட் தட் வாஸ் யூ" என்றான்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே குழந்தையின் பெயரைக் கேட்டாள். விசாலாக்ஷி சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். உறவு? தாய். அந்தப் பெண் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "ஐ ஆம் சாரி, ஹனி" என்றாள்.

சான்றிதழை அன்றைக்கே லண்டனுக்கு அனுப்பிவிட்டாள். வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. வரிசையில் அத்தனை பேருக்கும் முன்னால், தன் இடத்தில் சபரி பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டது அவள்தான்.

அன்று சாயங்காலம் க்ரிஷ் மாடியிலிருந்து இறங்கினான். ஒரே ஒருவன் இறங்குகிற சத்தம். மறுநாளும் அப்படித்தான். போய்விட வேண்டும் என்று எத்தனை பிரதோஷம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்! இப்போது படிக்குக் கீழே நின்று காது கொடுத்தாள். க்ரிஷை ஏதோ சாக்குச் சொல்லி மறுபடி மேலே அனுப்பி இறங்கச் சொன்னாள். அவன் புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல், மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினான். ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அழாத அழுகையைக் கடைசிப் படியில் உட்கார்ந்து அன்றைக்கு அழுதாள். க்ரிஷ் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

செப்டம்பரில் கிழவர் தூக்கத்திலேயே போனார். க்ரிஷ் பன்னிரண்டாவது வெல்மோர் டியூக் ஆனான். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் அவனுக்கு டிரைவிங் டெஸ்ட் இருந்தது, அந்தக் கவலையே பெரிதாக இருந்தது. இருபத்தொரு வயதானதும் பட்டத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம் என்றார் வக்கீல். வீடியோவில் மார்கரெட்டிடம் க்ரிஷ் சொன்னது ஒன்றுதான்: வீட்டை விட்டு யாரும் போக வேண்டாம், மூத்த பெண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும். மார்கரெட் கொஞ்ச நேரம் திரைக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

நவம்பரில் தாயும் மகனும் போனார்கள். சின்ன சேப்பல். கல்லிலிருந்து எழும்பிய குளிர் செருப்புக்குள் நுழைந்து முழங்கால் வரை ஏறியது. பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தார். ஜார்ஜ்களும் ஹென்றிகளும் முடிந்து ஓர் இடத்தில் தயங்கி, "ஸபாரி" என்றார்.

"சபரி" என்றாள் விசாலாக்ஷி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தலைகள் திரும்பின. பாதிரியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சபரி" என்றார். இந்தத் தடவை சரியாக வந்தது. பிறகு எட்மண்ட். பிறகு ஹியூ. பிறகு கிழவர்.

வாசிப்பு நின்றது. அவருக்குப் பின்னால் சுவரில் அதே பெயர்கள் அதே வரிசையில் பளிங்கில் வெட்டியிருந்தன. கடைசிப் பெயருக்குக் கீழே கல் வழுவழுப்பாக, வெறுமையாக, இன்னும் நிறைய இருந்தது. க்ரிஷும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து கார் கிளம்பும் வரை விடவில்லை.