மழை சொன்னவரும் மதினியும்

மூன்று வருஷத்துக்கு முந்தைய புரட்டாசியில், விளாத்திகுளம் பக்கம் எங்கள் பூர்வீகக் கரிசல் புஞ்சையில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட, கோவில்பட்டியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடி நான் நடத்தி வைத்தது என்பதே சரி.

அப்போது எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். யூடியூபில் வானிலை சொல்பவர். அவருக்கு என்னைத் தெரியாது என்பதைத் தவிர எங்கள் நட்பில் ஒரு குறையும் இல்லை. காலையில் ‘வணக்கம் சொந்தங்களே’ என்பார். நானும் வாய்விட்டு வணக்கம் சொல்வேன். இருமினால் சுக்குக் கசாயம் குடிக்கச் சொல்லி கமெண்ட் போடுவேன். ஒரு தடவை அதற்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். சீரியல் நாயகிக்காக மனைவி கண்கலங்கும்போது, அதெல்லாம் நடிப்பு என்று விளக்குகிற அறிவாளியும் நான்தான்.

புஞ்சையைப் பார்ப்பது என் பெரியப்பா மகனின் மனைவி, எனக்கு மதினி. அண்ணன் காலமான பிறகு தனி ஆளாக மானாவாரி விவசாயம். எங்கள் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது உண்டு. பின்னாலேயே நல்ல மழை இறங்கினால் பயிர் முந்திக்கொள்ளும். தூறலோடு நின்றால் விதை முளைவிட்டுக் கருகும். ஆகவே, என்றைக்கு விதைப்பது என்பதில்தான் வருஷமே இருக்கிறது. அந்த வருஷம் மதினியிடம் ஒரு விதைப்புக்குத்தான் உளுந்து இருந்தது.

போனில் கேட்டார். “நம்மாளு சொல்லிட்டாரு மதினி. வியாழக்கிழமை மழை, விதைச்சிருங்க” என்றேன். நம்மாளு!

விதைத்தார். வியாழக்கிழமை செருப்பு நனையாத அளவுக்கு ஒரு தூறல். அப்புறம் பதினைந்து நாள் வெயில்.

யூடியூபில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு மல்லுக்கு நின்றேன். மனம் தளர வேண்டாம் என்று அவருக்கு ஒரு பக்க ஆறுதல் எழுதி, எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினேன். இதற்கிடையில் மதினிக்கு ஒரு போன்கூடப் போடவில்லை என்பது பதினாறாம் நாள்தான் உறைத்தது.

பஸ் பிடித்துப் போனேன். புஞ்சையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த மதினி, ஓர் உளுந்தை எடுத்து என் கையில் வைத்தார். முளை கறுத்துச் சுருண்டிருந்தது. அப்போதும் பாருங்கள், நான் நண்பருக்குத்தான் வக்காலத்து வாங்கினேன். பாவம், காற்று திசை மாறினால் அவர் என்ன செய்வார் என்றேன்.

“அவரு யாருன்னே எனக்குத் தெரியாதே தம்பி. நீங்க சொன்னீயன்னுதான வெதச்சேன்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

திரும்பும் பஸ்ஸில் பழைய வீடியோவைப் போட்டுக் கேட்டேன். ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு, இதை நம்பி யாரும் விதைக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். திட்டியவர்களும் அதைக் கேட்கவில்லை. அவருக்காகச் சண்டை போட்ட நானும் கேட்கவில்லை. அவர் குரல் காதில் விழுந்தாலே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

ஐப்பசியில் மண் குளிர நனைந்த பிறகு விதை உளுந்து வாங்கிக்கொண்டு போனேன். மதினி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “ஒங்க சேக்காளி இன்னைக்கு என்ன சொல்லுதாரு?” என்றார். போனை அவர் கையிலேயே கொடுத்து, முழுசும் கேட்கச் சொன்னேன்.

இன்றும் அந்த யூடியூப் நண்பருக்குக் காலை வணக்கம் சொல்கிறேன்; பழக்கம் விடவில்லை. ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் நான் தவிப்பதுபோல, நான் பேசாத அந்தப் பதினைந்து நாளும் மதினி என் குரலுக்காகக் காத்திருந்திருப்பார் என்ற நினைப்பு மட்டும், அந்தக் கருகிய முளையாக உள்ளங்கையில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.