பேச்சு நின்றால் வேகத்தைக் குறை

ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். இங்கே ஸ்வீடனில் சனிக்கிழமை காலைகளில் பக்கத்து வீட்டு ஹென்ரிக்கோடு ஏரியைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓடுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவராகப் பேசுவது இரண்டே வார்த்தை. தொடங்கும்போது ‘ஹெய்’, முடியும்போது ‘தாக்’. முதலாவது வணக்கம், இரண்டாவது நன்றி. எதற்கு நன்றி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் போனாலே என் கால்கள் தாமாக மெதுவாகிவிடும். “ஆர் யூ ஓகே?” என்று கேட்பேன். “டயர்டா? நிறுத்தலாமா?” என்று ஆங்கிலத்தில் என்னைத் திருப்பிக் கேட்பார். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார், பாவம்.

தாம்பரத்தில் நாங்கள் மூன்று பேர். இரும்புலியூரில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற வீட்டுப் பிள்ளை வேலு. வாத்தியார் மகன் டென்னிஸ். அப்புறம் நான். போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓட ஆரம்பித்தோம். மூவருக்கும் வேலை கிடைக்கவில்லை, ஓட்டம் மட்டும் தங்கிவிட்டது. விடிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் வரை போய்த் திரும்புவோம். டென்னிஸ் நடுவில் ஓடியபடி, முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வருவான். படத்தைவிட அவன் கதை நீளம். லாரி ஹாரன் அடித்தால் நிறுத்தி, அதே வசனத்தை மறுபடி சொல்வான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலு கொண்டுவந்தது. “மூச்சு முட்றவன் வாயத் தொறந்து சொல்லமாட்டான் மச்சான், ரோஷம். பேச்சு நின்னுச்சுன்னா மத்தவன் ஷூ லேஸ் கட்ற மாதிரி குந்திக்கணும். இன்னான்னு கேக்கக் கூடாது.” அப்படியே செய்தோம். நன்றாகக் கட்டியிருக்கும் லேஸை எத்தனை முறை அவிழ்த்துக் கட்டியிருப்போம், கணக்கே இல்லை.

எனக்கு விசா வந்த மறுநாள் வேலு வரவில்லை, அவன் அண்ணனுக்குக் கல்யாணம். டென்னிஸிடம் விஷயத்தைச் சொன்னேன். “சூப்பர்டா” என்றான். கொஞ்ச தூரத்தில் அவன் கதை பாதியில் நின்றது. நான் குனியவில்லை. அவனும் விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்டவன், பொறாமையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குக் கோபம். வேண்டுமென்றே வேகமாக ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது முழங்காலில் கை ஊன்றி நின்றிருந்தான். “நீ போடா, நான் வரேன்” என்று கையசைத்தான். போய்விட்டேன். கால் மணி கழித்து நடந்து வந்தான். உதடு கறுத்திருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை.

நாலு நாளில் விமானம். வழியனுப்ப வந்த டென்னிஸ், “அங்க யார்கூடடா பேசிட்டு ஓடுவ?” என்று சிரித்தான்.

ஐந்தாம் மாதம் வேலுவின் கடிதம் வந்தது. ‘டென்னிஸ் போய்ட்டான்டா. தூக்கத்துலயே. ஹார்ட்டுல வால்வு சின்ன வயசுலேர்ந்தே கெட்டுப்போயிருந்துச்சாம். முன்னாடியே காட்டியிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டர் சொல்றாரு. என்கூட ஓடும்போதெல்லாம் பேசிகினேதான் வந்தான். உன்கூட ஓடுறப்ப எப்பனா பேச்ச நிறுத்தினானா மச்சான்?’

அதற்குப் பிறகு வேலுவுக்கு எவ்வளவோ எழுதிவிட்டேன். குளிர், சம்பளம், மகள் பிறந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் ஏழு வருடமாகப் பதில் எழுதவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கமாயிற்றே. பதில் எழுதினாலும் டென்னிஸ் வரப்போவதில்லை. எழுதாவிட்டால் வேலுவாவது மிஞ்சுவான். இப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நாட்களைத் தள்ளுகிறேன்.

போன சனிக்கிழமையும் ஏரிக்கரையில் ஹென்ரிக் பேசாமல்தான் வந்தார். நான் பனியில் குந்தி, கட்டியிருந்த லேஸை அவிழ்த்துக் கட்டினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் வருகிறவனுக்காகக் கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தேன்.