கொக்கியின் கழுத்தில் ஓர் இழை

செங்கல்பட்டில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்த பள்ளி மண்டபத்தில் நான் பித்தானை ஏழெட்டுத் தடவை அழுத்தியிருப்பேன். பன்னிரண்டடி தள்ளி மேஜைமேல் நின்ற மூங்கில் கம்பத்தில் கொக்கி அசையவே இல்லை. நடுவர் இன்னும் நான்கு மேஜை தாண்டி வர வேண்டியிருந்தது.

அது நானே செய்த மெஷின். உடைந்த பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டார் கம்பத்தின் உச்சியில் இருந்தது. மோட்டாரோடு சேர்த்து, பட்டு நூல் சுற்றுகிற சிறு மரக்கட்டை. அதிலிருந்து இறங்கும் கயிறு. கயிற்றின் நுனியில் வளைத்த கம்பிக் கொக்கி. அழைப்பு மணியின் பித்தானை ஒரு சோப்புப் பெட்டியில் பொருத்தி, நீளமான ஒயரை மூங்கிலுக்குள் விட்டு மோட்டாரோடு சேர்த்திருந்தேன். எட்ட நின்று அழுத்தினால் கொக்கி கீழே வைத்த ஒரு பொட்டலத்தைத் தூக்கும். எங்கள் தெருவில் சாயம் போடுகிறவர்கள் கொதிக்கிற அண்டாமேல் குனிந்து பட்டு நூலைத் தூக்குவார்கள். முகம் வெந்துபோகும். அதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது.

ஒரு மாதத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் அது தூக்கியது. கை தட்டினார்கள். செங்கல்பட்டு மாவட்டக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் வீட்டில் அந்த வகுப்புவரை படித்தவர் எனக்கு முன்னால் யாருமில்லை. அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "செங்கல்பட்டுல பெரியவங்க பார்த்து நல்லா இருக்குதுன்னு சொல்லட்டும், காலேஜுக்கு அனுப்பறேன். இல்லேன்னா நூல் சுத்த ராட்டினத்துல குந்து. நானும் எத்தினி வருஷம்தான் பார்த்துக்கினு இருக்கறது?"

ஜெயித்த மெஷினைத் தொட்டுக் கெடுக்காதே என்று சொல்லி, விஞ்ஞான டீச்சர் அதை ஒரு மாதமும் ஆய்வுக்கூட அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அது என் சொல் கேட்கவில்லை. பதற்றப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டார்ச் பல்பை பாட்டரியில் வைத்தேன், எரிந்தது. பித்தான் வழியாக வைத்தேன், எரிந்தது. பாட்டரியை நேராக மோட்டாரில் கொடுத்தேன், வண்டுபோல் ரீங்கரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது. எங்கள் பள்ளியில் கொக்கி தூக்கியபோது இந்தச் சத்தம் வரவில்லை. கூட்டத்தின் இரைச்சல் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது ஒயர். இழுத்தேன், வரவில்லை. உச்சியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். நான் அடிக்காத சின்ன ஆணி ஒன்று மூங்கிலுக்குள் இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கி ஒயரை உருவினேன். ஒயரோடு ஓர் இழையும் வந்தது.

சாயம் ஏறாத பட்டு. எதிரில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சட்டென்று படாது. ஒரு நுனி கொக்கியின் கழுத்தில் கட்டியிருந்தது. மறு நுனி மூங்கில் வழியே மேஜைக்கடியில் இறங்கித் திரைக்குப் பின்னால் போனது. நடுவில் ஓரிடத்தில் முடிச்சே இல்லாமல், சாம்பல் தொட்டு முறுக்கி, இரண்டு இழைகளைப் பிணைத்திருந்தது. டீச்சருக்கு அந்த வேலை வராது. அது எங்கள் தெருப் பெண்களின் கைவேலை.

துணைக்கு வந்திருந்த அம்மா பக்கத்தில் சோற்றுப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரும்மா பிணைச்சது?"

"நான்தான் கண்ணு. நம்ம ஊரு கண்காட்சிக்கு முத நாளு டீச்சரம்மா ஆள் அனுப்பிச்சாங்க. நூலு எட்டலை, அதான் ஒட்டுப் போட்டேன்."

"அப்ப மெஷின் ஓடலையா?"

"ஓடிச்சே! நல்லாத்தான் ஓடிச்சு. திடீர்னு நின்னுட்டா நாலு பேரு எதிர்ல நீ முழிச்சிக்கினு நிக்கணுமேன்னு சொன்னாங்க. எனக்கும் பயமாப் பூட்ச்சு."

"ஆணி?"

"இழை நழுவிக்கினே இருந்துச்சு. நான்தான் அடிச்சேன்." அம்மாவின் முகம் மலர்ந்தது. "மறுநாளு நின்னே பூட்ச்சு, பார்த்தியா? டீச்சரம்மா திரைக்குப் பின்னால இருந்து இழுத்தாங்களோ, தப்பிச்சோம்!"

ஒயரை அவள் கண்ணெதிரே நீட்டினேன். ஆணி இறங்கிய இடத்தில் செம்புக் கம்பிகள் அறுந்து பல்லைக் காட்டின. அவள் ஒயரைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள்.

என்னை நம்பாமல்தான் அந்த இழையைக் கட்டினார்கள். அதைக் கட்டப்போய்த்தான் என் மெஷின் செத்தது. அந்தக் கைதட்டலில் எனக்கென்று எதுவும் இல்லை. அத்தனை நாளும் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேனே என்று உடம்பு கூசியது.

டீச்சர் வேகமாக வந்தார். "எதுக்கு இப்ப அதைப் பிரிக்கறே? நடுவர் வந்துட்டார். நீ பித்தானை மட்டும் அழுத்து. மத்ததை நான் பாத்துக்கறேன்." திரைக்குப் பின்னால் போய் இழையைத் தேடினார்.

நான் இழையைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

நடுவர் மேஜையருகே வந்து நின்றார். "என்னம்மா, உன் கொக்கி தூக்குமா?"

"தூக்கும் சார். ஒயர் அறுந்திருக்குது. அஞ்சு நிமிஷம் குடுங்க."

"அறுந்த ஒயரையா செங்கல்பட்டுக்குத் தூக்கிட்டு வந்தே?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னும் பாதி மண்டபம் பாக்கி இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

ஒயரின் தோலைப் பல்லால் உரித்து, முறுக்கிச் சேர்த்து, பித்தானை அழுத்தினேன். மோட்டார் ரீங்கரித்தது. கொக்கி பொட்டலத்தைத் தூக்கியது. நடுவர் எதிர் வரிசையின் கோடியில் இருந்தார். டீச்சர் ஓடிப் போய் ஏதோ சொன்னார். நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். திரும்பி வந்த டீச்சர், "என் மானத்தை வாங்கிட்டே" என்றார். அதன்பின் பள்ளியில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

ஊர் திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது அம்மா கொய்யாப்பழம் வாங்கி நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தறியை நிறுத்தினார். "தூக்குச்சா?"

"தூக்குச்சு" என்றாள் அம்மா. "நானே பார்த்தேன்."

"பெரியவங்க பார்த்தாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "கிட்ட வந்து நின்னுக்கினு பார்த்தாங்க. ரொம்ப நல்லா இருக்குதுன்னாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நடுவர் எதிரில் அத்தனை சுலபமாக வந்த உண்மை அங்கே வரவில்லை. வாசலோரம் கிடந்த ராட்டினம் கண்ணில் பட்டது. தலையை ஆட்டினேன்.

"சரி, அப்ப காலேஜுல சேர்ந்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தறியை ஓட்டினார்.

பி.யூ.சி. முடித்து, இப்போது பட்டப் படிப்பில் இருக்கிறேன். அம்மா கேட்பதற்குப் பதில் சொல்வேன். நானாக எதையும் சொல்வதில்லை. அந்த இழைக்காக அவள் என்னிடம் வருத்தம் சொன்னதே இல்லை. அவள் எப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயம். அன்று அவள் பொய்க்குத் தலையாட்டியது நான்தானே?