முழுக்கைச் சட்டை போட்ட சாம்பவி

ரொறன்ரோவின் மில்லிக்கன் பிளாசாக் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் சீனத் தோழிகளோடு தெருநடனம் ஆடி வளர்ந்தவள் சாம்பவி. “உது ரவுடியளின்ர ஆட்டம்” என்று தாய் யோகமலர் வருடக்கணக்காக முணுமுணுத்தாள்.

சீன இணைய நிகழ்ச்சி ஒன்று ரொறன்ரோவில் ஆடுபவர்களைத் தேடியபோது சாம்பவி தேர்வானாள். அவளது பச்சை குத்திய கை திரையில் தெரியக்கூடாது, ஆட்டமும் மென்மையாக இருக்கவேண்டும் என்றார் இயக்குநர். முழுக்கைச் சட்டை போடச் சம்மதித்தாள். ஆட்டத்தில் ஓர் அசைவைக்கூட மாற்ற மறுத்தாள். அவளை இழக்க மனமில்லாமல் இயக்குநர் இறங்கிவந்தார்.

நிகழ்ச்சி வெளியானதும் யோகமலர் பக்கத்து ஊரான அஜக்ஸிலுள்ள தங்கைக்குப் போன் எடுத்தாள்.

“நடுவில ஆடுறது என்ர பிள்ளையடி! வடிவாப் பார்!”

தன் மகள்மாருக்கும் சாம்பவி இந்த ஆட்டத்தைப் பழக்குவாளோ என்று தங்கை கேட்டாள். சாம்பவி போனை வாங்கினாள்.

“சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ, சித்தி. ஆனா நான் ஆடுற மாதிரியேதான் பழக்குவன்.”

“ஓம், அதுதானே வேணும்” என்றாள் சித்தி.