விளக்கில் இருந்த கறுப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் பழைய பித்தளை, வெண்கலச் சாமான்களைத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. திருவிழா முடியும்வரை ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. தோளைத் தூக்க முடியாத வலி. வீட்டில் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு என்னைப் போலவே படிப்பை நிறுத்திய என் நண்பர், "சாப்பிட நீ வரலேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

முக்கொம்பு பஸ்ஸில் போய், நடுவில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்தேன். நண்பர் இருப்பது வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு பங்களா. தென்னூரில் இருக்கும் ஓர் அம்மாவுக்குச் சொந்தம். நண்பரும் அவர் மனைவியும் ஏழு வருடமாக அங்கேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே ஆள் உயரக் கடிகாரம், பூப்போட்ட பீங்கான் ஜாடிகள், தேக்கு நாற்காலிகள். எதில் உட்காரலாம் என்று தெரியாமல் நின்றேன்.

"நிக்கிறதப் பாரு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி" என்றார் நண்பர்.

"சும்மா இருங்க. அண்ணன் ஏற்கெனவே கூச்சப்படுறாரு" என்றார் அவர் மனைவி.

விரால் மீன் குழம்பு வைத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு நண்பர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். அவர் மனைவி துணி எடுக்க மாடிக்குப் போனார். கூடத்து மூலையில் ஒரு வெண்கல விளக்கு, கறுத்து, களிம்பேறி நின்றது. எங்கள் கடையில் கறுத்த சாமானைப் பார்த்தால் யாருடையது என்று கேட்பதில்லை, கை தானாகத் தேய்க்கப் போய்விடும். சாப்பிட்ட வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கை அடுப்படியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏரிப் படியில் உட்கார்ந்து, வலியோடு வலியாகத் தேய்த்தேன். விளக்கு தங்கம் மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வந்த நண்பரின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னடா பண்ணி வச்சிருக்க? அந்தக் கறுப்புல கையே வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா."

"அழுக்குதானே" என்றேன்.

"அழுக்கு இல்லடா. அது எத்தனையோ வருஷமா படிஞ்சது. அந்தப் பழமைக்காகத்தான் அந்த அம்மா விளக்கையே வாங்கினாங்க."

அவர் மனைவி மெதுவாக, "நம்மளப் போகச் சொல்லிட்டா எங்கங்க போறது?" என்றார்.

நண்பர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "நான்தாம்மா தெரியாம தேச்சுட்டேன்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். புதன்கிழமை நேரில் வந்து பேசிக்கொள்வதாக அந்த அம்மா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை முழுவதும் வேலை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கடையில் சொல்லிவிட்டு, விசாரித்து விசாரித்து தென்னூரில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார்.

"அவர் உங்களப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொல்லலையே" என்றார்.

"அந்தக் கறுப்பு திரும்ப வருங்களாம்மா?"

"வரும். பாக்கறதுக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்." பிறகு சொன்னார், "அவங்களப் போகச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. இனிமே கேக்காம எதையும் தொடாதீங்க."

நண்பர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். அதன் பிறகும் சாப்பிடக் கூப்பிட்டார், போனேன். அந்த விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டோமே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும், கேட்காமல் ஒரு விளக்கை எடுத்த என் கை, அன்று நண்பரிடமிருந்து அந்தப் போனை வாங்க நீளவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.