முதலில் அழைக்கப்படுகிறவன்

என் தம்பி குத்துச்சண்டை வீரன். இதைச் சொன்னதும் கண்டியில் பாதிப் பேர் அவனை முரடன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் முரடு நான்தான். சாப்பிடவும் கொட்டாவி விடவும் தவிர அவன் வாயைத் திறக்க மாட்டான். அதனால் அவனுக்கு வந்த அழைப்புகளுக்கெல்லாம் நானே பேச வேண்டியதாயிற்று. பேசிப் பேசி வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

மஹய்யாவையில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த குத்துச்சண்டை கிளப்பில் பழகியவன் அவன். வேலை கிடைத்ததும் அதனால்தான். நகரத்தில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் தன் குத்துச்சண்டை அணிக்காக அவனை எடுத்துக்கொண்டது. விடிகாலையில் பயிற்சி, பிறகு நாள் முழுக்க அலுவலக வாசலில் காவல். அவன் வென்ற கோப்பைகளை உள்ளே கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். கோப்பைக்கு ஏசி, வென்றவனுக்கு வெயில். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாதான், "மாசம் முடிஞ்சா சம்பளம் வருதில்ல, வாய மூடு" என்று என்னை அடக்குவார்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்த ஏஜென்ட் வந்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, அம்மா சுட்ட ரொட்டியைச் சம்பலோடு வயிறாரச் சாப்பிட்டார். தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கைய கேட் திறக்க வச்சிருக்கிறது பாவம். காசுக்கு மோதுற தொழில்முறைக்கு வந்தா வெளிநாடு, டீவி, பேரு எல்லாம் இருக்கு. தம்பிக்கு நல்ல எதிர்காலம்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் நன்றாக இருக்காது?

தம்பி ஏஜென்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட செய்தி எட்டியதும் நிறுவனம் அவனைக் கூப்பிட்டு, தொழில்முறைக்குப் போனவனுக்கு அணியில் இடமில்லை என்றது. அணியில் இல்லாதவனுக்கு வாசலிலும் இடமில்லையாம். சீருடையை அம்மா துவைத்துத் தேய்த்துக் கொடுக்க, அவன் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தான். கோப்பைகளை அவர்கள் திருப்பித் தரவில்லை. இனி மேடையில் வென்றால்தான் அவனுக்குப் பிழைப்பு என்று ஆகிவிட்டது.

அவன் புறப்பட்ட அன்று தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பதாகையில் உள்ளூர் அரசியல்வாதியின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. தம்பியின் முகத்தை மூலையில் தேட வேண்டியிருந்தது.

முதல் போட்டி பாங்கொக்கில். போய் இறங்கிய பிறகுதான், எதிராளி மாறிவிட்டான், புதியவன் எடை கூடியவன் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஏஜென்டைப் பிடித்துக் கத்தினேன். "இதெல்லாம் நடக்கிறதுதான் தங்கச்சி" என்றார். என்ன நடக்கிறதுதான்? எங்கள் கடைத்தெருவில் மீன் வியாபாரிகூட எடையில் இப்படித் துணிந்து விளையாட மாட்டான்.

குண்டசாலையில் என் வீட்டில் அம்மாவும் என் வீட்டுக்காரரும் நானும், போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். முதலில் தம்பியை அழைத்தார்கள். பாட்டில்லை, மேளமில்லை. ஏதோ பஸ்ஸுக்குப் போகிறவன் போல நடந்து வந்து மேடையேறினான். இங்கே போட்டிகளில் பனியனோடுதான் ஏறுவான். அன்று வெற்று மார்போடு தனியாக நின்றான். பிறகு விளக்கெல்லாம் அணைந்தது. பாட்டு அதிர்ந்தது. புகைக்கு நடுவே மற்றவன் மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"நம்ம புள்ளைக்கு ஏன் பாட்டுப் போடல?" என்று அம்மா கேட்டார்.

எனக்கு அப்போது தெரியவில்லை. தம்பியின் புருவம் பிளந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி மணிவரை நின்றான், தோற்றான். அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

தையலோடு திரும்பி வந்தான். இனி அந்த ஏஜென்ட் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் நல்ல கூட்டமான நேரத்தில் அவரே அழைத்தார். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"தம்பி அசத்திட்டார்! ரெண்டு மூணு நாட்டுல கேக்குறாங்க."

"தோத்துட்டுத்தானே வந்தான்?"

"எப்படித் தோத்தார் பாத்தீங்களா? விழவே இல்லையே. வளந்து வர்ற பெரிய வீரர்களுக்கு இப்படி ஒருத்தர்தான் தேவை. நின்னு வாங்கணும், ஆனா ஜெயிச்சிரக் கூடாது. முதல்ல மேடைக்குக் கூப்பிடுறதே அப்படிப்பட்டவங்களத்தான்."

"ஜெயிக்கிறதுக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க?"

அவர் சிரித்தார். "ஜெயிக்கிற ஆள் அவங்ககிட்டயே இருக்கு தங்கச்சி. நல்லா நிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்."

நான் திட்டிய திட்டில், சளி மருந்துக்கு நின்ற ஒரு பெரியவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். மனுஷனுடைய எலும்பு உறுதியை வைத்து, தைரியத்தை வைத்து ஒரு வியாபாரம். அவன் கோழையாக இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். வீரனாக இருந்ததுதான் அவன் செய்த குற்றம்!

தம்பியிடம் அப்படியே சொன்னேன். அவன் வாடகை த்ரீவீலர் ஒன்றை எடுத்து ஓட்டத் தொடங்கினான். ஏஜென்டும் விடவில்லை. ஒரு நாள் நான் மஹய்யாவைக்குப் போயிருந்தபோது மறுபடி அழைத்தார். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தொடர்ந்து தோத்துட்டே இருந்தா சில நாட்டுல மேடையேற விட மாட்டாங்க. நடுவுல ஒண்ணு ஜெயிக்கணும். கண்டியிலயே சின்னதா ஒரு போட்டி வச்சிருவோம். உங்க கிளப்புல புது ஆள் யாராவது இருப்பான்ல?"

தம்பி எச்சில் கையோடு போனை இழுத்தான். "தோக்கத்தான் வர்றான்னு அவன்கிட்ட சொல்லுவீங்களா?"

"அது எதுக்குத் தம்பி? உங்ககிட்ட சொல்லியா கூட்டிட்டுப் போனோம்?"

"நான் வரல" என்று சொல்லி போனைக் கட் பண்ணினான். பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே போய் த்ரீவீலரில் உட்கார்ந்துகொண்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவர்களுக்கு ஆளா கிடைக்காது? அடுத்த வாரமே லட்டுப் பெட்டியோடு ஒருவன் வீட்டு வாசலில் நின்றான். வத்தேகமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன். புடவைக்கடையில் வேலை. தம்பியோடு அதே கிளப்பில் பழகியவன்.

"அண்ணே, என்னையும் எடுத்துட்டாங்க! முதல் போட்டியே இங்க, உங்களோடதான்!"

தம்பி வர மாட்டேன் என்றதை ஏஜென்ட் அவனிடம் சொல்லவே இல்லை. தம்பி தன் வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினான். எடை மாறியதைச் சொன்னான். ஏஜென்ட் சொன்னதை வரி தவறாமல் சொன்னான். "யார முதல்ல கூப்பிடுறாங்களோ அவன் தோக்க வந்தவன். உன்ன அதுக்குத்தான்டா எடுத்திருக்காங்க" என்றான்.

அந்தப் பையனின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்னோட மோத பயமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, லட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.

பயமாம்! அந்தச் சொல் மஹய்யாவை முழுக்கச் சுற்றியது. த்ரீவீலர் தரிப்பிடத்தில் சிரித்தார்கள். பிளந்த புருவத்தோடு கடைசி மணிவரை நின்றவனைப் பார்த்து, பட்டாசு வெடித்த அதே வாய்கள் சிரித்தன. நான் நாலு பேரிடம் சண்டைக்குப் போனேன். "விடு அக்கா" என்றான். எப்படி விடுவது?

கண்டிப் போட்டி நடக்கவில்லை. வத்தேகமைக்காரனை நேரே வெளிநாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். போட்டியன்று மத்தியானம் தம்பி குண்டசாலைக்கு வந்தான். உட்காரவில்லை. நான் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்; சத்தம் வேண்டாம் என்றான். அவன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றான்.

கொஞ்ச நேரத்தில் கேட்டான்: "யார முதல்ல கூப்பிட்டாங்க?"

"அவனத்தான்" என்றேன்.

"பாட்டு?"

"போடல."